பக்கத்து வீட்டு உறை

மருதம் நகரில் கல்யாணப் பதிவுக்கு வருகிறவர்கள் அன்று காலை வீட்டில் கழிப்பறைக்குப் போகக் கூடாது. அலுவலகத்துக்கு வந்துதான் போகவேண்டும். நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டிருந்தும் பத்தில் மூன்று ஜோடி மறந்துவிட்டு வரும். அவர்களை உட்காரவைத்து, சூடாகக் காப்பி கொடுத்து, பொறுமையாகக் காத்திருப்பதும் குணசுந்தரியின் உத்தியோகத்தில் ஒரு பகுதி. செவ்வாய் மண்ணுக்கு அடியில் குடைந்து கட்டிய இந்த ஊருக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் ஒரே குல அலுவலர்.

அந்தத் திங்கட்கிழமை வந்த ஜோடி மறக்கவில்லை. நெல்லையப்பன் ஊரின் குழாய்களைப் பழுதுபார்க்கிறவன். அங்கயற்கண்ணி மூச்சுத் தோட்டத்தில் பாசி வளர்க்கிறவள். ஏழாம் குடைவில் அவள் வீடு பதினாலு, அவன் வீடு பதினைந்து. சுவர் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கல்யாணம், இலை முதல் மாலை வரை சொல்லியாகிவிட்டது. இருவரும் வெட்கப்பட்டுக்கொண்டே ஆளுக்கொரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். அங்கே இருந்த இருக்கைகளுக்கு அடியில்தான் குலங்காட்டிக் கருவி இருந்தது.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் உண்டு. செவ்வாயில் கதிர்வீச்சு மனிதனின் மரபணுவைக் கொறித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் மரபுத் தையல் போட்டுக்கொள்ளாவிட்டால் உடம்பு தாங்காது. தையலுக்கான துண்டுகள் எல்லாருக்கும் ஒரே பொதுக் கிடங்கிலிருந்து வருகின்றன. பத்து வருஷம் தையல் போட்டவனின் ரத்தத்தைச் சோதித்து அவன் யார் பிள்ளை என்று சொல்ல முடியாது. தொள்ளாயிரம் பேர் வந்து இறங்கிய ஊரில், அண்ணன் யார் தங்கை யார் என்று தெரியாமல் கல்யாணங்கள் நடந்தால் நாலு தலைமுறையில் ஊர் படுத்துவிடும்.

அதனால் தையல் போகாத இடமாகப் பார்த்து அடையாளத்தை வைத்தார்கள். அந்த இடம் குடல். பெருங்குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்குள் சின்ன எண் ஒன்றைப் பொறித்து, அதற்குக் குலக்கீற்று என்று பெயர் சூட்டினார்கள். பூமியிலிருந்து வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கீற்று. இங்கே பிள்ளை பிறந்தால் அப்பாவின் கீற்றையும் அம்மாவின் கீற்றையும் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, சேனை வைக்கும்போது நாக்கில் ஒரு சொட்டு விடுவார்கள். காற்றுப் பட்டால் செத்துவிடும் பாக்டீரியா என்பதால் வேறு யாருக்கும் அது போகவே போகாது என்று வடிவமைத்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

குணசுந்தரியின் கீற்று பத்தொன்பது. முதல் கப்பலில் வந்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் முத்திரை குத்திக்கொண்டிருந்ததில் தன்னுடையதற்கு நேரம் வாய்க்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் குலப் பட்டியல் அச்சாகி வரும்போது, பத்தொன்பதுக்கு நேராக "உயிருடன்: ஒருவர்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

கதவுகளுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கருவியின் வாயிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் "ஒரே தந்தை. திருமணத் தடை" என்றிருந்தது. தந்தையின் கீற்று இருநூற்றுப் பன்னிரண்டு. அது அங்கயற்கண்ணியின் அப்பா மாயாண்டியின் எண்.

"மேடம், மெஷின்ல ஏதும் கோளாறு இருக்குமோ?" என்றான் நெல்லையப்பன்.

"கருவி சொன்னா சொன்னதுதான் தம்பி. இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட அது தப்பாச் சொன்னதில்ல."

"அப்ப இவரு எனக்கு?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"அண்ணன்."

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். "என்னால முடியாது மேடம். வேற யாரையாவது வேணா அண்ணன்னு கூப்புடுறேன்," என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் ஏழாம் குடைவுக்குப் போய்விட்டது. பதினாலாம் வீட்டில் மாயாண்டி சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பவளக்கொடி தட்டை வைத்த வேகத்தில், செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில், இட்லி ஒன்று எழும்பி மெதுவாகத் தரையிறங்கியது.

"எப்ப இருந்து?" என்றார் பவளக்கொடி.

"எது எப்ப இருந்து?"

"அண்ணாச்சி அண்ணாச்சின்னு அந்தப் பக்கத்து வீட்டு மதினி வாய் நெறையக் கூப்புடும்போதே எனக்கு ஒறைச்சிருக்கணும். நான் ஒரு கூறு கெட்டவ."

"ஏத்தா, குலதெய்வத்து மேல சத்தியமாச் சொல்றேன். நான் அந்த வீட்டு வாசப்படியக் கூட மிதிச்சதில்ல."

"உங்க குலத்தப் பத்தித்தான் மெஷினே சொல்லிருச்சே," என்று பவளக்கொடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினைந்தாம் வீட்டில் நெல்லையப்பனின் அம்மா சொர்ணம் நேரே கூடத்துக்குப் போனார். கணவர் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சுவரில் இருந்த அவர் படத்தின் முன்னால் போய் நின்று, "நீங்களாவது நம்புவீங்களா?" என்று கேட்டார். பதில் வராது என்று தெரிந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்த கிண்ணங்கள் அன்றிலிருந்து நின்றுபோயின.

செவ்வாய்க்கிழமை காலை குணசுந்தரி கருவி அச்சடித்திருந்த நெல்லையப்பனின் கீற்றுத்தாளைக் கோப்பில் வைக்கப்போனவர், ஏனோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். அதில் மூன்று கோடுகள் இருந்தன. அம்மாவின் நூற்று நாற்பது கறுப்பாக இருந்தது. மாயாண்டியின் இருநூற்றுப் பன்னிரண்டும் கறுப்பு. மூன்றாவதாக எண்பத்தெட்டு, செத்துப்போன அப்பாவின் கீற்று, மங்கலாகத் தெரிந்தது. கறுப்பாக இருக்கும் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும்படிதான் கருவியைச் செய்திருந்தார்கள்.

ஒருவனுக்கு இரண்டு அப்பா இருக்க வழியில்லை. குணசுந்தரி உடனே சொர்ணத்தை வரவழைத்து இருக்கையில் உட்காரவைத்தார். பூமியில் பிறந்து வந்தவர், அவருக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கவேண்டும். இரண்டு இருந்தது: அவருடைய நூற்று நாற்பது, பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. கருவி கொஞ்சமும் தயங்காமல் சீட்டைத் துப்பியது. சொர்ணத்தின் தந்தை மாயாண்டி என்றது அந்தச் சீட்டு.

சொர்ணத்துக்கு வயது ஐம்பத்தைந்து. மாயாண்டிக்கு ஐம்பத்திரண்டு.

குணசுந்தரி சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு, இந்தக் கருவியின் பேச்சைக் கேட்டு இதற்கு முன் தடுத்துவிட்ட நாலு ஜோடிகளின் கோப்புகளை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். தப்பாகச் சொன்னதே இல்லை என்று அவர் இத்தனை காலம் நினைத்ததற்குக் காரணம், யாரும் சரிபார்க்கவில்லை என்பதுதான். அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் இன்னும் தனியாக இருந்தார்கள்.

புதன்கிழமை ஏழாம் குடைவுக்கு நேரிலேயே போனார். பதினாலாம் வீட்டில் சீட்டைக் காட்டியதும் பவளக்கொடி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மூணு வயசு மூத்தவளுக்கு இவரு அப்பாவா?" என்றார். பிறகு மூன்று நாளில் முதல்முறையாகக் கணவரைப் பார்த்து, "சாப்புட்டீகளா?" என்று கேட்டார். மாயாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வந்தவருக்கு மோர் கொடுத்தார்கள். குணசுந்தரி யார் வீட்டுக்குப் போனாலும் மோர் மட்டும் வாங்கிக்கொள்வார், அதுவும் உதட்டில் டம்ளர் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார். குல அலுவலருக்கு எச்சில் ஆகாது என்பது அவராகப் போட்டுக்கொண்ட விதி. செவ்வாயில் மோர் மெதுவாகத்தான் விழும். அவர் குடித்து முடிக்கும்வரை எல்லாரும் மரியாதையாக நின்றார்கள்.

"உங்க உடம்புல இருந்த கீற்று எப்படியோ அந்த வீட்டுக்குப் போயிருக்கு," என்றார் மாயாண்டியிடம். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல என்ன கொடுக்கல் வாங்கல்?"

பவளக்கொடி வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். "அத மதினிகிட்டயே கேளுங்க," என்றார்.

பதினைந்தாம் வீட்டில் சொர்ணம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அலமாரியில் ஏழு வெள்ளிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பொங்கல் விழாவின் தயிர்ப் போட்டியில் ஏழு வருஷமும் முதல் பரிசு. பூமியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய உறையில் தோய்க்கிற தயிர் என்பது சொர்ணத்தின் பெருமை, ஊருக்கே தெரியும். ஏழு வருஷமும் இரண்டாம் பரிசு பவளக்கொடிக்கு.

"மோர் இல்லையாம்மா?" என்றார் குணசுந்தரி.

"பால் தோயலைங்க. குளிர் சாஸ்தியா இருக்குல்லா."

மண்ணுக்கு அடியில் இருக்கும் ஊரில் வருஷம் முழுக்க ஒரே வெப்பம். குணசுந்தரி அலமாரியைப் பார்த்தார். சண்டை போட்டு மூன்றே நாளாகிறது, ஏழு கிண்ணம் வாங்கிய வீட்டில் தயிர் இல்லை.

"எத்தன வருஷமா பக்கத்து வீட்டுல உறை வாங்குறீங்க?"

சொர்ணம் முந்தானை நுனியைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அவரைப் பற்றி ஊர் மூன்று நாளாக என்னென்னவோ பேசியது, அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிட்டார். இந்தக் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அம்மா," என்றான் கதவருகில் நின்ற நெல்லையப்பன். "நாளன்னைக்குக் கல்யாணம்மா."

"சொல்லுதேன்," என்றார் சொர்ணம். "நான் கொண்டாந்த உறை, வந்த ரெண்டாம் வருஷமே கெட்டுப்போச்சு. எங்கம்மா போயிட்டாங்கன்னு பூமியில இருந்து தகவல் வந்த அன்னைக்கு அத எடுத்து வைக்க மறந்துட்டேன். மறுநாள் பாத்தா பூசணம். அன்னைக்கே பவளத்துட்ட ஒரு கரண்டி வாங்கி ஊத்துனேன், அப்புறம் தெனமும் அங்கதான் வாங்குதேன். எங்கம்மா உறைன்னு சொல்லிக்கிட்டு இருந்தா அம்மா இருக்க மாதிரி இருந்திச்சு. அப்படியே இருவத்திரெண்டு வருசமாச் சொல்லிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்த பவளக்கொடி ஒரு நிமிஷத்தில் இங்கே வந்து நின்றார். "நான் யாருகிட்டயும் சொன்னதில்ல மதினி," என்றார்.

"பரிசக் கூட விட்டுக் குடுத்தியே பவளம்."

"உங்களுக்கு அது அம்மா. எனக்கு வெறும் தயிரு."

இருவரும் அழுதார்கள். கையில் டம்ளரோடு என்ன செய்வதென்று தெரியாமல் குணசுந்தரி தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தார்.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. பதினாலாம் வீட்டில் தயிர் தோய்ப்பது மாயாண்டியின் வேலை. அடுப்பில் வெப்பமானி இருந்தது, அதை அவர் மதிப்பதில்லை. பால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட்டதா என்று ஆள்காட்டி விரலை விட்டுத்தான் பார்ப்பார்.

"விரல விடாம எப்படிங்க தெரியும்?" என்றார்.

கீற்றைச் சுமந்த பாக்டீரியா காற்றில் செத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாக்டீரியாக்கள் மரபணுவைப் பெட்டியில் பூட்டிவைத்துப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்கிற ஜாதி கிடையாது. கறிவேப்பிலை கேட்டு வந்தவருக்கு ஒரு கொத்து ஒடித்துக் கொடுப்பதுபோல, பக்கத்தில் ஒட்டி நிற்பது யாராக இருந்தாலும் ஒரு மரபணு வளையம் நகலெடுத்துக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கேட்பதில்லை. மாயாண்டியின் குடலில், தினமும் அவர் சாப்பிட்ட தயிரோடு வந்துபோன தயிர் பாக்டீரியாவுக்குக் கீற்று அப்படித்தான் கைமாறியது. அது காற்றில் சாகாது. அங்கிருந்து விரலுக்கு எப்படி வந்தது என்பதை அறிக்கையில் குணசுந்தரி நாகரிகமாக விட்டுவிட்டார். விரலிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து உறைக்கு, உறையிலிருந்து பக்கத்து வீட்டுக் குடலுக்குப் போய், அங்கே குடியிருந்த பாக்டீரியாவிடம் கீற்று மறுபடி கைமாறியிருந்தது.

வியாழக்கிழமை இதை நகர மன்றத்தில் நிரூபிக்கவேண்டும். கலப்பில்லாத ஒரு மாதிரி ஒப்பிடுவதற்குத் தேவைப்பட்டது. ஊரில் அப்படி ஒருவர் உண்டென்றால் அது தான்தான் என்று குணசுந்தரிக்குத் தெரியும். அலுவலகக் கதவைத் தாழிட்டுவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகத் தானே இருக்கையில் உட்கார்ந்தார்.

தாளில் பத்தொன்பது கறுப்பாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அதைவிடக் கறுப்பாக இருந்தது. ஊரெல்லாம் போய் வாங்கிக் குடித்த மோர். உதடு படவில்லைதான். மோர் பட்டிருக்கிறதே.

அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை. யாரோ வாசலில் வந்து நின்று உங்கள் வீட்டு ஆள்தான் நான் என்று சொன்னதுபோல, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நெல்லையப்பன் பன்னிரண்டு குடைவுகளின் கழிவுக் குழாய்களிலிருந்தும் மாதிரி எடுத்துவந்தான். அவ்வளவு ஆசையாக யாரும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டிலும் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. சொர்ணத்தின் பரிசு பெற்ற உறையை யார்தான் வாங்காமல் விட்டார்கள்? மன்றத்தலைவருக்கே மாயாண்டி அப்பாவாகியிருந்தார்.

"கருவிய நம்புனா இந்த ஊர்ல இனிமே ஒரு கல்யாணமும் நடக்காது," என்றார் குணசுந்தரி. "எல்லாரும் அண்ணன் தங்கச்சி."

"வேற வழி?" என்றார் தலைவர்.

"வாயால கேப்போம். பெரியவங்கள உக்கார வெச்சு, யாருக்கு யாரு என்ன முறைன்னு கேட்டு நோட்டுல எழுதுவோம்."

முதல் விசாரணை அங்கேயே நடந்தது. சொர்ணத்தைக் கூப்பிட்டார்கள். மாயாண்டி உங்களுக்கு என்ன முறை என்றார்கள்.

"ரத்த சொந்தம் இல்லைங்க. ஆனா அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதேன், வந்த நாள்ல இருந்து."

"அப்ப பொண்ணு மாமன் மக. முறைதான்," என்று தலைவர் எழுதிக்கொண்டார். குலங்காட்டியின் மின்இணைப்பை அன்றே பிடுங்கினார்கள். இருக்கைகள் மட்டும் பழைய உபயோகத்துக்கு அப்படியே இருந்தன. குணசுந்தரி வீட்டுக்குப் போகுமுன் பழைய நாலு ஜோடிகளுக்கும், தனியாக இருந்த அந்த மூவருக்கு இரண்டு பக்கம் கூடுதலாக, மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. மாயாண்டியைப் போகிறவர் வருகிறவரெல்லாம் அப்பா என்று கூப்பிட்டதில் அவர் பந்தியில் நிமிரவே இல்லை. பவளக்கொடி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி இலையில் தயிர்சாதம் சாப்பிட்ட குணசுந்தரி கை கழுவிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் தயங்கித் தயங்கி வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம்.

"கொஞ்சம் உறை கிடைக்குமா?" என்றார்.

பவளக்கொடி கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் சாமி அலமாரியில் ஒரு மின்விளக்குத்தான். சாயங்காலமாகி அதை அப்போதுதான் போட்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை. வெளக்கு வேற வெச்சாச்சு. இப்பப் போயி வெளியாளுக்கு உறை குடுக்கக் கூடாதே மேடம்."

"சரிம்மா. நாளைக்கு வர்றேன்," என்று குணசுந்தரி கிண்ணத்தைப் புடவை மறைவில் வைத்துக்கொண்டார்.

"ஏ பவளம்," என்றார் சொர்ணம் உள்ளேயிருந்து. "அவுகளுக்கும் அண்ணாச்சி கீற்றுதானே ஓடுது. வெளியாளுன்னு சொல்லுத. வீட்டு ஆளுக்குக் குடுக்கதுக்கு வெள்ளிக்கிழமை என்ன, வெளக்கு என்ன?"

இரண்டு கரண்டியாகவே ஊற்றிக் கொடுத்தார்கள்.

தன் வீட்டுக்கு வந்து குணசுந்தரி பாலைக் காய்ச்சி இறக்கினார். தனி ஆளுக்கு எதற்கு என்று இத்தனை வருஷம் அவர் வீட்டில் தயிர் தோய்த்ததே இல்லை. இன்று இரண்டு லிட்டர் வாங்கியிருந்தார். எதிர்வீட்டில் கைக்குழந்தைக்காரி இருக்கிறாள், அடுத்த வீட்டில் ஏழு பேர், மூலைவீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். உறை வேண்டுமா என்று நாளை எல்லாரிடமும் கேட்கவேண்டும். அடுப்பு ஓரத்தில் வெப்பமானி கிடந்தது. அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

பிறகு ஆள்காட்டி விரலைப் பாலில் விட்டார். சூடு சரியாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மற்ற நாலு விரலையும் விட்டுப் பார்த்தார்.